ஜிம்மி ஏன் சாப்பிட மாட்டேங்குறான்

கலா,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன் இருந்ததால உடனே எழுத முடியலடி. வலது கண்ணு முடிஞ்சுது, இப்போ டிவில கீழ ஓடுற எழுத்தெல்லாம் அவங்களே படிச்சு எங்களுக்கு சொல்றாங்க. இடது கண்ணு தை மாசம். உன் பொண்ணுக்கு கோயம்புத்தூர்லயே வேலை கிடைச்சத படிச்சப்போ மனசு நிறைஞ்சு போச்சு, உன்ன விட்டு தூரமா போகலயேன்னு.

சரி, உன் நாய் ஜிம்மி விஷயம். மூணு பிராண்ட் மாத்தியாச்சு, மோந்து பாத்துட்டு திரும்பி போயிடுறான், நல்ல ட்ரை ஃபுட்டா, அந்த காஞ்ச உருண்டை சாப்பாடு, ஒண்ணு சொல்லுன்னு கேட்டிருந்த. அதுக்கு முன்னாடி எங்க நாய் ராணிக்கு நடந்தத சொல்றேன். போன சித்திரைல அவ திடீர்னு சாப்பாட்ட ஒதுக்க ஆரம்பிச்சா. நான் அப்போ பக்கத்து கடைல பெரிய மூட்டைய பிரிச்சு வச்சு லூஸ்ல விப்பாங்கல்ல, அதத்தான் கிலோ கணக்குல வாங்கிட்டு இருந்தேன். நெய் ஊத்தி பாத்தேன், முட்டை போட்டேன், முட்டைய மட்டும் பொறுக்கி தின்னுட்டு மீதிய வச்சிருவா. கொழுப்பு ஏறிப்போச்சுன்னு ஒரு மாசம் அவள திட்டுனேன். மாட்டாஸ்பத்திரில டாக்டர் அந்த சாப்பாட்ட ஒரு கை கொண்டு வாங்கன்னு சொல்லி மோந்து பாத்துட்டு என்கிட்ட நீட்டுனாரு. காறிப்போன தேங்கா வாடை. அந்த உருண்டைய வேக வச்சு காய வச்சதுக்கு அப்புறம் மேல கொழுப்பு தெளிப்பாங்களாம், அதுதான் அதுக்கு ருசியே, பைய பிரிச்சு மதுரை வெயில்ல வச்சா அந்த கொழுப்புதான் முதல்ல கெடும். நமக்கு நாக்குல சுமார் 9,000 சுவை மொட்டு இருக்குன்னா நாய்க்கு 1,700 தான், அது மூக்காலதான் சாப்பிடுது. நான் திட்டுன ஒரு மாசமும் அவ சரியாத்தான் இருந்திருக்கா, இன்னும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதனால முதல்ல நீ பைய மோந்து பாரு. லூஸ்ல வாங்காத. ஜிம்மிக்கு 8 கிலோதான் இருக்கும்னு எழுதிருந்த, 3 கிலோ பை வாங்குனா மூணு வாரத்துக்கு கொஞ்சம் மேல வரும், அதுக்கு மேல பெரிய பை விலை கம்மின்னு வாங்கிடாத. பிரிச்சு டப்பால கொட்டாம அந்த பையோடயே மடிச்சு மூடி போட்ட டிரம்ல வை, அடுப்பு பக்கம் வேண்டாம். அப்புறம் வாய திறந்து பல்ல பாரு, சின்ன ஜாதி நாய்க்கு பல்லுல காறை சீக்கிரம் கட்டும், ஈறு செவந்திருந்தாலோ ஒரு பக்கமாவே மென்னாலோ கடிக்க வலிச்சுதான் ஒதுக்குறான்னு அர்த்தம், அப்போ எந்த பிராண்ட் வாங்கியும் பிரயோஜனம் இல்ல.

இது ரெண்டும் இல்லன்னா, நீ ஒரு வரி எழுதிருந்த பாரு, அத்தை கோழியும் சாதமும் பிசைஞ்சு ஊட்டுனா மட்டும் சாப்பிடுறான்னு, அங்கதான் இருக்கு விஷயம். தட்ட பாத்து முகத்த திருப்புனா பத்து நிமிஷத்துல கோழி வரும்னு அவன் கத்துக்கிட்டான். அதோட காலைல டீக்கு நாலு மேரி பிஸ்கட். ஒண்ணு சுமார் 25 கலோரி, நாலுன்னா 100. வீட்டுக்குள்ளயே இருக்குற 8 கிலோ நாய்க்கு நாள் முழுக்கவே 450, 500 கலோரி போதும், அதுல அஞ்சுல ஒரு பங்கு பிஸ்கட்லயே போயிடுது. பசிக்கலடி அவனுக்கு.

வாங்குறப்போ முன்னாடி போட்டிருக்குற கோழி படத்த விட்டுட்டு பின்பக்கத்த படி. வளர்ந்த நாய்க்கு முழுமையான உணவுன்னு போட்டிருக்கணும், கூட குடுக்குறதுக்குன்னு போட்டிருந்தா அது மட்டுமே சாப்பாடா ஆகாது. புரோட்டீன் 18 சதவீதம்ங்கறது அமெரிக்க அளவுகோல்ல குறைஞ்சபட்சம், நான் 24க்கு மேல இருக்கறதாத்தான் எடுப்பேன். சேர்மானத்துல முதல் பேரு கோழியோ மீனோ இருக்கணும், ஆனா பச்சை கோழில முக்கால்வாசி தண்ணிதான், காய வச்சா சுருங்கிடும், அதனால சிக்கன் மீல்னு போட்டிருந்தா மட்டம்னு நினைக்காத, அது ஏற்கனவே காய வச்ச கறி. வெறும் மீட் மீல்னு எந்த மிருகம்னே சொல்லாம இருந்தா நான் எடுக்க மாட்டேன். கடைக்காரர் தானியமே இல்லாததுதான் உசத்தின்னு சொன்னா அப்படியே நம்பாத, பட்டாணியும் பருப்பும் நிறைய போட்ட அந்த மாதிரி உணவுக்கும் நாய்ங்களுக்கு வர்ற ஒரு இதய நோய்க்கும் தொடர்பு இருக்கான்னு 2018ல அமெரிக்க அரசே விசாரிக்க ஆரம்பிச்சுது, முடிவா நிரூபிக்கல, ஆனா அரிசி ஒத்துக்குற நாய்க்கு அத நிறுத்த என்ன காரணம் இருக்கு?

ஒண்ண தேர்ந்தெடுத்துட்டா அதுலயே நில்லு. இப்போ சாப்பிடுறதுல கால் பங்கு புதுசு கலந்து ஆரம்பிச்சு ஒரு வாரம் பத்து நாள்ல முழுசா மாத்து, இல்லன்னா வயித்தால போகும். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ, ரெண்டும் சேத்து 130 கிராம் மாதிரி, தராசுல நிறுத்து போடு. வெதுவெதுப்பான தண்ணி கொஞ்சம் தெளிச்சா வாசனை கிளம்பும், உப்பு போடாம வேக வச்ச கோழி தண்ணின்னாலும் சரி, ஆனா வெங்காயம் பூண்டு சேந்த குழம்பு கூடவே கூடாது, அது நாய் ரத்தத்தையே கெடுக்கும், இத அத்தைகிட்ட நீயே பொறுமையா சொல்லு. இருபது நிமிஷம் தட்ட வை, தொடலன்னா எதுவும் பேசாம எடுத்துரு, அடுத்த வேளை வரைக்கும் வேற எதுவும் இல்ல. முதல் ரெண்டு நாள் உனக்குத்தான் மனசு கேக்காது. நல்லா ஓடியாடுற நாய் ஒரு வேளை விட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா முழுசா ஒரு நாள் தாண்டியும் தொடலன்னாலோ, வாந்தி எடுத்தாலோ, சுருண்டு படுத்தாலோ காத்திருக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு போயிரு.

அத்தைக்கு வருத்தமா இருக்கும், ஊட்டுறது அவங்களுக்கு ஒரு சந்தோஷம்ல. அந்த 130 கிராம்லயே ஒரு கை எடுத்து அவங்ககிட்ட குடுத்துரு, சாயங்காலம் வாசல்ல உக்காந்து ஒவ்வொண்ணா அவங்களே போடட்டும்.

இன்னைக்கே அவன தூக்கிட்டு எடை மெஷின்ல நின்னு, அப்புறம் உன் எடைய கழிச்சு எழுதி வை. மாசக் கடைசில மறுபடி பாத்து எனக்கு எழுது. அம்மா உன்ன ரொம்ப கேட்டாங்க, இடது கண்ணு ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவ வந்துட்டு போ.

உன்
மீனா