அந்த பாட்டிலை வடிகட்டித் தரமாட்டேன், தம்பி

தம்பிக்கு,

நீ வீட்டிலேயே கலந்த வேப் (இ-சிகரெட்) திரவத்தை வடிகட்டக் கேட்ட ஃபில்டர் பேப்பரை அனுப்பப்போவதில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தேன். காரணத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதினால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்? கொஞ்சம் கெட்ட எண்ணம்தான், இருக்கட்டும்.

ஏன் கலக்க ஆரம்பித்தாய், எதை விடுவதற்காக என்பதெல்லாம் நம் இருவருக்கும் தெரியும். அதை இங்கே அலசவேண்டாம். அந்த வெந்நீர் மக்குக்கு வருகிறேன். பாட்டிலை அதில் நிறுத்தினாய், அடியில் கிடந்த வெள்ளை ஊசிகள் கொஞ்ச நேரத்தில் கரைந்துபோயின. "பாத்தியாக்கா, அவ்ளோதான்" என்று என் மூக்குக்கு நேரே ஆட்டினாய். உன் கண் பாட்டிலின் அடியிலேயே இருந்தது. நான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரவம் கண்ணாடியைத் தொடும் விளிம்பில் மஞ்சளாக ஒரு மெல்லிய வளையம். பாட்டிலைச் சாய்த்தால் மற்றதோடு சேராமல் தனியாக வழுக்கியது. அப்போதுதான் நான் கத்தினேன். உன் நண்பர்கள் எதிரில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள். ஆனால் மெதுவாகச் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாய் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை.

உன் பாட்டிலில் இருப்பது இரண்டு வேறு சமாச்சாரங்கள். அடியில் இருந்தது மெந்தால். அதைப் பற்றிப் பயமே வேண்டாம். 30 மி.லி. பாட்டிலில் 10 சதவீத மெந்தால் கரைசலை 6 மி.லி. ஊற்றியிருக்கிறாய்; அப்படியென்றால் முடிவில் 2 சதவீதம் மெந்தால். பிஜி (மணங்களைக் கரைக்கிற புரொப்பிலீன் கிளைக்கால்) என்று உள்ளே போனதே அந்த 6 மி.லி.யில் இருந்ததுதான், மீதி ஏறக்குறைய எல்லாம் கிளிசரின். மெந்தால் பிஜியில் நன்றாகக் கரையும், கிளிசரினில் கரைய அடம்பிடிக்கும். அறை குளிர்ந்தால் ஊசி ஊசியாக இறங்கிவிடும். 45 டிகிரி வெந்நீரில் மூடி இறுக்கி இருபது நிமிஷம் வைத்தால் கரைகிறது, ஆறினால் திரும்பி வருகிறது என்றால் அது நீ போட்ட பொருளேதான். மெந்தாலை 1 சதவீதமாக்கு, பிஜியை 40 சதவீதத்துக்குக் கொண்டுபோ, வராது. இனிப்பு மணத்துக்குப் போடும் எத்தில் மால்ட்டால், வனிலின், குளிர்ச்சிக்குப் போடும் டபிள்யூ.எஸ்.23 ஆகியவற்றின் அடர்கரைசல்களும் குளிரில் இதே வேலையைக் காட்டும். அவற்றைப் பாட்டிலோடு சூடாக்கித் தெளியவைத்த பிறகே அளக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே நிற்கும் வீரியம் குறைந்த கரைசலை மட்டும் உறிஞ்சிப் போட்டுவிட்டு, "இந்த முறை மணமே இல்லை" என்று இன்னும் நாலு சொட்டு ஊற்றுவாய்.

மேலே இருந்த வளையம் எண்ணெய். கிளிசரினின் அடர்த்தி 1.26, பிஜி 1.04, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் 0.84தான். எத்தனை முறை குலுக்கினாலும் அது மேலேதான் வந்து நிற்கும். கேக்குக்குப் போடுகிற ஆரஞ்சு எசென்ஸை ஊற்றியிருக்கிறாய், இல்லையா? "ஃபுட் கிரேடு" என்று போட்டிருந்தது என்பாய். வயிற்றுக்குப் போகலாம் என்பதற்கான சான்று அது, நுரையீரலுக்கு அல்ல. அங்கே போகும் எண்ணெயை விழுங்க வரும் செல்களால் அதைச் செரித்து முடிக்க முடியாது. எண்ணெய் அங்கேயே தங்கி அழற்சியாகிறது. லிப்பாய்ட் நிமோனியா என்பது அதுதான். புதிதாகக் கண்டதும் அல்ல, மூக்கு வழியாக எண்ணெய் செலுத்தப்பட்டவர்களிடம் 1925-லேயே பதிவானது. 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டது உனக்கே தெரியும். 2020 பிப்ரவரி 18 வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவோ இறந்ததாகவோ பதிவானது, இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த விட்டமின் ஈ அசிட்டேட்தான் முதன்மைக் காரணம் என்று சொன்னார்கள். அதுவும் எண்ணெய்தான், தெளிவான எண்ணெய். கண்ணுக்கு ஒரு துகளும் காட்டாது.

இதனால்தான் வடிகட்டித் தரமாட்டேன் என்கிறேன். கிளிசரின் கெட்டி, சூடாக்கினால்தான் பேப்பரில் இறங்கும். சூடாக்கினால் மெந்தால் கரைந்து பேப்பரைத் தாண்டிவிடும், கீழே போய் ஆறியதும் மறுபடி ஊசியாகும். எண்ணெயும் அப்படித்தான், திரவத்தோடு கரைந்த பகுதியும் நுண்துளிகளாக உடைந்த பகுதியும் பேப்பருக்குப் பிடிபடாது. வளையம் மட்டும் குறையும். பளிச்சென்று ஒரு பாட்டில் கையில் கிடைக்கும், நீயும் நிம்மதியாக இழுப்பாய். அந்த நிம்மதியை என் கையால் தர மனம் வரவில்லைடா.

வடிகட்டல் தேவையே இல்லை என்றும் சொல்லவில்லை. புகையிலையை பிஜியில் ஊறவைத்து எடுப்பவர்களுக்கு இலைத்தூளை நீக்க அது வேண்டும். உன் விஷயம் வேறு.

வேப் கருவியில் திரவம் ஊற்றும் டேங்கில் கோடு கோடாக விரிசல் விட்டிருக்கிறது, கீழே போட்டுவிட்டேன் என்றாயே, அதையும் நான் நம்பவில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயில் உள்ள லிமோனீன், டேங்கின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அரிக்கும். இலவங்கப்பட்டை மணமும் அப்படித்தான். இந்த மணங்களுக்குக் கண்ணாடி டேங்க்தான் சரி. நீ மறைத்தாய் என்று சொல்லவரவில்லை. உனக்கே தெரிந்திருக்காது. தெரியாததைக் கேட்க அக்கா ஒருத்தி இருக்கிறாளே என்றாவது தோன்றியிருக்கலாம். பாட்டில் கலங்கினால் மட்டும் அக்கா நினைவு வருகிறது.

அடுத்த முறை எதைக் கண்டாலும் முதலில் ஓர் இரவு அசைக்காமல் வை. குலுக்கிய கிளிசரினில் காற்றுக்குமிழ்கள் மணிக்கணக்கில் தொங்கும். பாதிப் புகார்கள் விடிவதற்குள் தீர்ந்துவிடும். கண்ணாடி இழை மாதிரி நெளிவது கலக்காத கிளிசரின், அதுவும் துகள் இல்லை. பழுப்பாவது நிக்கோட்டினும் வனிலினும் செய்கிற வேலை. பிறகு இருட்டில் பாட்டிலுக்குப் பின்னால் டார்ச் அடித்து, தலைகீழாக்கிப் பார்: இறங்குகிறதா, ஏறுகிறதா, நடுவில் நிற்கிறதா? சுருண்ட நூல் என்றால் டிஷ்யூ பேப்பரால் பாட்டிலைத் துடைத்திருக்கிறாய், இனி கவிழ்த்து உலரவிடு. கறுப்புப் பொடி பாட்டிலில் இருந்தால் டிராப்பரின் ரப்பரை அமுக்கிப் பார், பிசுபிசுத்தால் அதுதான். டிராப்பரைக் கழற்றிவிட்டுச் சாதாரண மூடி போட்டு வை. டேங்கில் மட்டும் கறுப்பு என்றால் திரவத்தின் மேல் பழி போடாதே, இனிப்புக்குப் போட்ட சுக்ரலோஸ், திரவத்தைச் சூடாக்கும் காயிலில் கருகியிருக்கிறது. பஞ்சு மாதிரி ஏதாவது மிதந்தால், அதுவும் குழாய்த் தண்ணீர் சேர்த்திருந்தால், ஆராய்ச்சி வேண்டாம். கொட்டு.

எந்தப் பொருள் என்று தெரியாவிட்டால் நிக்கோட்டின் இல்லாமல் 10 மி.லி. அடித்திரவம் (மணம் சேர்க்காத பிஜியும் கிளிசரினும்) கலந்து வை. அதில் ஒன்றும் வராவிட்டால் இன்னொரு 10 மி.லி.யில் ஒரே ஒரு மணம் சேர். இப்படி ஒவ்வொன்றாக.

எசென்ஸை நேராகவே சோதிக்கலாம். ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கு. முத்தாக மிதந்தாலும், மேலே வானவில் படலம் விரிந்தாலும் எண்ணெய். பால் மாதிரி கலங்கினாலும் ஒதுக்கி வை. தெளிவாகக் கரைந்துவிட்டாலே தேறிவிட்டது என்று அர்த்தமில்லை, எண்ணெயைத் தண்ணீரோடு இணக்கும் சேர்மானம் போட்ட எசென்ஸும் அழகாகக் கரையும். லேபிளில் எண்ணெய், டிரைகிளிசரைடு, சர்க்கரை, கேரமல் நிறம் என்று எது இருந்தாலும் அது வேண்டாம்.

உன் இருமலைப் பற்றி இங்கே எழுதமாட்டேன், படிப்பவர்களுக்கு அது தேவையில்லை. டாக்டரிடம் போகும்போது எசென்ஸ் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போ. "சும்மா வேப்" என்று முடித்துவிடாதே, எண்ணெய் என்று வாய்திறந்து சொல்.

அந்தத் திரவத்தை சிங்கில் ஊற்றாதே, நிக்கோட்டின் இருக்கிறது. கையுறை போட்டு, மூடியை இறுக்கி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடு. அதில் நனைந்த காயிலும் சிரிஞ்சும் அதோடு போகட்டும். கழுவி வைக்கலாமே என்று தோன்றும். சிரிஞ்சின் ரப்பரில் ஏறிய எண்ணெய் கழுவினால் போகாது, அடுத்த பாட்டிலிலும் வளையம் வரும். அப்போது மறுபடி எனக்குத்தான் போன் அடிப்பாய். அடி. போட்டதையெல்லாம் அளவோடு எழுதி வைத்துக்கொண்டு அடி.

அக்கா