நாசிக் போனா பாக்ரியும் சாப்பிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க ட்ராவல் பக்கத்துல வந்த நாசிக் கட்டுரை படிச்சேன். திரியம்பகேஸ்வர், பஞ்சவடி, ஷீரடி எல்லாம் விவரமா போட்டிருந்தீங்க, ஆனா வைன் தயாரிக்கற திராட்சைத் தோட்டங்கள மட்டும் பசங்க பார்ட்டி பண்ற இடம்ங்கற மாதிரி ஒத்த வரியில முடிச்சிட்டீங்க, அதான் மனசு கேக்காம எழுதுறேன்.

அங்க வைன்ங்கறது முதல்ல விவசாயம் சார். நாசிக் கிட்டத்தட்ட 600 மீட்டர் உயரத்துல இருக்கு, குளிர்காலத்துல பகல்ல நல்ல வெயில், ராத்திரி நல்ல குளிர், அதனாலதான் பழத்துல இனிப்போட புளிப்பும் தங்குது. ஐரோப்பாவுல ஆகஸ்ட், செப்டம்பர்ல அறுவடைன்னா இங்க ஜனவரிலேருந்து மார்ச்சுக்குள்ள, ஏன்னா மழைக்காலத்துல பழம் கொடியில நின்னா அழுகிடும், அதுக்காகவே ஏப்ரல் வாக்குல ஒரு தடவ, மழை முடிஞ்சு ஒரு தடவன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ கொடிய வெட்டி கவாத்து பண்றாங்க. சுலாங்கற வைன் கம்பெனி 2005ல வைன ருசி பாக்கறதுக்குன்னு டேஸ்டிங் ரூம் திறந்தாங்க, இப்போ திண்டோரி, இகத்புரி பக்கமெல்லாம் வைன் தயாரிக்கற வைனரி இருக்கு, தோட்டத்தையும் டேங்கையும் சுத்திக் காட்டி விளக்கம் சொல்றாங்க. குடிக்காதவங்களுக்கும் பாக்க நிறைய இருக்கு.

என் ஆதங்கம் சாப்பாட்டுலதான். வைனரி ரெஸ்டாரன்ட்ல உக்காந்தா முதல்ல கண்ணுல படறது பீட்சா, பாஸ்தா. அங்கேருந்து கொஞ்ச தூரத்துலயே விறகடுப்புல மிசல் கொதிச்சிட்டிருக்கும்! முளைகட்டின பயறு, மேல மிதக்கற கார எண்ணெய், கறுப்பு மசாலா வாசம், கூட பாவ், தயிர், அப்பளம். மத்தியானம் பாக்ரிங்கற சோள ரொட்டி, கடலமாவுல கிண்டின பிட்லா, பச்சமிளகாயும் பூண்டும் இடிச்ச டேச்சா, சுட்ட கத்திரிக்காய் பரித், காரசாரமா சேவ் போட்ட குழம்பான சேவ் பாஜி. இந்தக் காரத்துக்கு லேசா இனிப்பு இருக்கற செனின் பிளாங்க்ங்கற வெள்ளை வைன் சில்லுன்னு குடிச்சா அவ்ளோ பொருத்தம், கறுப்பு மசாலா மட்டனுக்கு ஷிராஸ்ங்கற சிவப்பு வைன். சீஸ் தட்டவிட இதுதான் அந்த மண்ணு வைனுக்கு சரியான ஜோடின்னு அடிச்சுச் சொல்வேன். அதே மண்ணுல விளைஞ்சத, அதே ஊர் அம்மாக்கள் சமைக்கறத, வைனரிக்காரங்க மெனுவுல ஒரு பக்கமாவது போட்டா அந்தக் குடும்பங்களுக்கும் வருமானம் வரும்.

மும்பையிலேருந்து சுமார் 170 கிலோமீட்டர்தான், சனி ஞாயிறுக்கு தாராளமா போய்ட்டு வரலாம். சனிக்கிழமை கூட்டம் தாங்காது, லீவு கிடைச்சா வார நாள்ல போங்க, டேஸ்டிங் பண்றவங்க கார் ஓட்டவே கூடாது, டிரைவர் வெச்சுக்கணும். நாசிக் தாண்டி பிம்பல்காவ், நிஃபாட் பக்கம் போனா நாம கடையில வாங்கித் திங்கற திராட்சை விளையற தோட்டங்களையும் பாக்கலாம்.

அறுவடை சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்த ஊர்ச் சாப்பாட்டப் பத்தி முழுப் பக்கம் ஒண்ணு போடுங்க, ப்ளீஸ்.

வாசகர் ஒருவர்,
மும்பை