கோல்ஃப் மட்டையோடு போர்முனைக்குப் போன பையன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரைப் பற்றிய உங்கள் சிறப்புப் பக்கத்தில் இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் குறித்த கட்டுரையைப் படித்தேன். பசந்தர் ஆற்றுப் பக்கம் நடந்த சண்டை, தீப்பிடித்த டாங்கி, போர்க்கள வீரத்துக்கான உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா எல்லாம் சரியாகவே வந்திருந்தன. ஆனால் படித்து முடித்ததும், இதில் அந்தப் பையன் எங்கே என்று கேட்கத் தோன்றியது.

பையன் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவர் பிறந்தது 1950 அக்டோபரில். நானும் அதே வருஷத்துக்காரன். 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் அதிகாரியானார். டிசம்பர் 16 அன்று இறந்தார். ஆறு மாதம், மூன்று நாள். மொத்த உத்தியோகமே அவ்வளவுதான். அந்த டிசம்பரில் நான் வேலைக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

அகமதுநகரில் பயிற்சியில் இருந்தவரைப் போர் நெருங்கியதும் படைப்பிரிவுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். போகும்போது கோல்ஃப் மட்டைகளையும், விருந்துக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சீருடையையும் எடுத்துப் போனாராம். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், லாகூரில் கோல்ஃப் ஆடப்போகிறேன், ஜெயித்த பிறகு விருந்து வைப்பார்கள், அதற்கு உடுப்பு வேண்டாமா என்றாராம். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தவறாமல் சொல்லும் கதை இது. 21 வயதில் ஒருவன் போரை என்னவாக நினைத்துக்கொண்டு கிளம்பினான் என்பது முழுக்க இதில் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் இதற்கு இடமில்லை. எத்தனை டாங்கிகளை அழித்தார் என்ற கணக்குக்கு இரண்டு பத்தி.

டாங்கியை விட்டுவிட்டு வரச்சொல்லி ரேடியோவில் உத்தரவு வந்தபோது, என் பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று மறுத்ததைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். மறுநாளே மேற்கு முனையில் சண்டை நின்றது. போர் முடிந்த பிறகுதான் அருணின் வீட்டுக்குத் தந்தி வந்தது. இதை ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

அப்புறம், நீங்கள் அடியோடு விட்டுவிட்ட பகுதி. அருணின் அப்பா பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால், ராணுவப் பொறியியல் பிரிவில் இருந்தவர். பிறந்த ஊர் சர்கோதா. பிரிவினையில் அது பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 81 வயதில் அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று 2001-இல் கிளம்பினார். மகன் மட்டைகளோடு போக நினைத்த லாகூருக்கு முப்பது வருஷம் கழித்து அப்பா போய்ச் சேர்ந்தார். அங்கே அவரைத் தன் வீட்டில் தங்கவைத்துக் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டவர் பிரிகேடியர் குவாஜா முகமது நாசர். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு நாசர் அந்த விஷயத்தைச் சொன்னார்: 1971-இல் எதிரே பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் படையில் மேஜராக இருந்தது நான்தான், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று.

அந்த இரவு அந்த வீட்டில் யார் தூங்கியிருப்பார்கள்? நானும் ஒரு தகப்பன். அந்த இடத்தில் நான் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை. கேத்தர்பால் கோபப்படவில்லை.

பிறகு நாசர் ஒரு புகைப்படம் அனுப்பினார். அதில் அருணை ஷஹீத், அதாவது வீரத் தியாகி, என்று குறிப்பிட்டு, தங்கள் எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே பாறையாக நின்றவர் என்று எழுதியிருந்தார். நாங்கள் பரா பிண்ட் என்று அழைப்பதும் பூனா ஹார்ஸ் பசந்தர் என்று நினைவில் வைத்திருப்பதும் ஒரே சண்டை என்றும் அதில் குறித்திருந்தார். சுட்டவரே எழுதிய அஞ்சலி. வருஷா வருஷம் டிசம்பரில் நாம் எழுதும் 'தீரம்', 'தியாகம்' எல்லாவற்றையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு சின்னத் திருத்தம். பரம்வீர் சக்ரா பெற்றவர்களில் வயதில் மிக இளையவர் அருண் என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அது சரி. 1999 கார்கில் போரில் யோகேந்திர சிங் யாதவ் 19 வயதில் அதைப் பெற்றுவிட்டார்.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். டாங்கியைக் கால் பக்கத்துக்குப் பெரிதாகப் போட்டு, அருணின் முகத்தைத் தபால்தலை அளவில் ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறீர்கள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்க முடிந்தது. அடுத்த முறை மாற்றிப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்