வெறும் தச்சுவேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். மோசே காலத்தில் வனாந்தரத்தில் தொழுகைக்காக நிறுத்திய ஆசரிப்புக் கூடாரத்தின் ஒவ்வொரு பாகமும் கிறிஸ்துவுக்கு அடையாளம் என்று சென்ற மாத இதழில் வந்த கட்டுரையைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து இரண்டு தரம் வாசித்தேன். ‘கூடாரத்தை வெறும் தச்சுவேலையாகப் பார்க்கிறவனுக்கு அதில் கிறிஸ்து தெரியமாட்டார்’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நான் 41 வருஷம் உளி பிடித்தவன். என்னை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தாங்கள் அறியாததல்ல, யாத்திராகமம் 31-இல் ‘தேவ ஆவியினால் நிரப்பினேன்’ என்று கர்த்தர் சொல்வது பிரதான ஆசாரியன் ஆரோனைப் பற்றியல்ல, கூடார வேலையைச் செய்த பெசலெயேல் என்ற கைவேலைக்காரனைப் பற்றி. கட்டுரை ஆறு பக்கம். அதில் பெசலெயேல் பெயர் ஓரிடத்திலும் இல்லை, கூட நின்ற அகோலியாப் பெயரும் இல்லை. வெள்ளாட்டு மயிரைத் திரித்த பெண்களும், வெண்கலத் தொட்டிக்காகத் தங்கள் தர்ப்பணங்களையே, அதாவது முகம் பார்க்கும் கண்ணாடிகளையே, கொடுத்துவிட்ட பெண்களும் இல்லை. ஆணிக்குக்கூட அர்த்தம் இருக்கிறது, அடித்தவனுக்கு இல்லை.

கூடாரப் பலகைகளின் சீத்திம் மரம் உளுக்காது, ஆகவே அது பாவமில்லாத மனுஷத்தன்மை. மேலே மூடிய பொன் தேவத்தன்மை என்கிறார். சரி, கேட்டுப் பழகியதுதான். அந்த மரம் நம் வேலமரத்தின் இனம். வேலமரத்தில் வண்டிச் சக்கரம் செய்த கை இது. கெட்டியான மரம், ஆனால் நேராக வளராது. பலகையோ 10 முழ உயரம், ஒன்றரை முழ அகலம்; ஏறக்குறைய 15 அடிக்கு இரண்டேகால் அடி. ஒரே வேலமரத்தில் அப்படியொரு பலகை கிடைக்குமா என்று எந்த மரவாடியிலும் கேட்டுப் பாருங்கள். துண்டுகளை இணைத்துத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படி 48 பலகை. பலகையின் அடியில் பாதத்துக்குள் இறங்கும் முனைதான் கழுந்து; பலகைக்கு இரண்டு கழுந்து, கழுந்துக்கு ஒரு வெள்ளிப்பாதம், ஆக 96. திரைத் தூண்களுக்கு 4. ஒரு பாதத்துக்கு ஒரு தாலந்து, அதாவது 30 கிலோவுக்கு மேல். வனாந்தரத்தில் கழற்றி, சுமந்துபோய், மறுபடி நிறுத்தும்போது கழுந்து நூலளவு பிசகினாலும் உட்காராது. இதுதான் ஐயா, வெறும் தச்சுவேலை.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காக முழத்துக்கு அரை அங்குலம் என்று கணக்கு வைத்துத் தேக்குத் துண்டுகளில் ஒரு மாதிரி செய்தேன். பிராகாரம் மட்டும் 50 அங்குலத்துக்கு 25 அங்குலம். திரைகளை என் வீட்டுக்காரம்மா தைத்தாள். பின்பக்கத்து இரண்டு மூலைப் பலகைகளில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். அவற்றைச் சொல்லும் வசனத்தை வைத்து மூலையை இணைத்துப் பார்த்தவனுக்குத்தான் அது எவ்வளவு சிக்கல் என்று தெரியும். கட்டுரையாளர் அதை ஒரே வரியில் ‘மூலைக்கல்லாகிய கிறிஸ்து’ என்று தாண்டிவிட்டார். பலகைக்குக் கல்! தொட்டிக்கு அளவு சொல்லப்படவில்லை, ஆகவே கிருபைக்கு அளவில்லை என்கிறார். பலகையின் கனத்துக்கும் வேதத்தில் அளவில்லையே, அதற்கு என்ன சொல்வார்? அந்த மாதிரி இப்போது சபையின் சாமான் அறையில், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. அது வேறு கதை.

பாதங்களின் வெள்ளி மீட்பைக் குறிக்கிறது என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். அது 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் வெள்ளி கொடுத்த பணம். ஐசுவரியவான் கூட்டியும் தரித்திரன் குறைத்தும் கொடுக்கக்கூடாது என்பது கட்டளை. அந்த வசனத்தைக் கட்டுரையாளர் தொடவில்லை. நன்கொடைத் தொகை வரிசைப்படி சலவைக்கல்லில் பெயர் வெட்டுகிற சபைகளில் அதைத் தொடுவது சிரமம்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் தங்கள் இதழில், பிரதான ஆசாரியன் காலில் கயிறு கட்டி கூடாரத்தின் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் அனுப்புவார்கள், அங்கியின் மணிச்சத்தம் நின்றால் செத்துவிட்டான் என்று இழுப்பார்கள் என்று வந்தது. வேதத்தில் கயிறே கிடையாது, அது இடைக்கால யூத நூலான சோகாரில் வருகிற கதை என்று நான்கு பக்கம் எழுதினேன். பாவநிவாரண நாளில் அவன் சணல்நூல் வஸ்திரம் உடுத்திப் போனான் என்று லேவியராகமம் 16 சொல்கிறது. மணி தொங்கும் அங்கி அன்றைக்கு ஏது என்றும் கேட்டேன். என் கடிதத்தின் முதல் வரியை மட்டும் போட்டீர்கள்: ‘கட்டுரை வாசித்தேன், நன்றி.’

நான் அடையாளங்களுக்கு விரோதியல்ல. திரை அவருடைய மாம்சம் என்று எபிரெயர் 10 சொல்லியாயிற்று. ரோமர் 3-இல் கிருபாதாரபலி என்று நாம் வாசிப்பதும், எபிரெயர் 9-இல் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியைக் கிருபாசனம் என்று வாசிப்பதும் கிரேக்கத்தில் ஒரே சொல் என்று எங்கள் சபையின் பழைய போதகர் ஐயர் சொல்லித் தந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதே எபிரெயர் 9-இல், அந்த மூடியின்மேல் இருந்த சிறகுள்ள கேருபீன்களைச் சொன்ன கையோடு, இவற்றை இப்போது விவரமாகப் பேசவேண்டியதில்லை என்று எழுதியவர் நிறுத்திக்கொள்கிறார். அவருக்கு இருந்த அடக்கம் தங்கள் கட்டுரையாளருக்கு இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். 23ஆம் பக்கப் படத்தில் கூடார வாசலுக்கு நான்கு தூண் வரைந்து, நான்கு சுவிசேஷங்கள் என்று போட்டிருக்கிறீர்கள். நான்கு தூண் பிராகார வாசலுக்கும் உள்திரைக்கும்தான். கூடார வாசலுக்கு ஐந்து, யாத்திராகமம் 26:37. அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடவும். போன வருஷம் நான் அனுப்பிய மாதிரியின் புகைப்படத்தையும் திருப்பி அனுப்பினால் நல்லது. வேறு பிரதி இல்லை. தபால்தலை ஒட்டி, என் விலாசம் எழுதிய உறை இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சன், 19 வருஷச் சந்தாதாரன்