பட்டுக்கூட்டு மாலையும் கூலிக் கணக்கும்

தருமபுரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நலம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளைக் கைவினைப் பொருள் செய்து விற்கவைத்து, அதன் வழியே வணிகவியலும் பொருளியலும் நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால், பள்ளிக் கண்காட்சியில் மேசை போட்டு விற்றதோடு முடித்துவிடாதே. பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய ஆண்டு, என் வகுப்பில் பட்டுக்கூட்டு மாலை செய்தார்கள். நம் ஊர் அங்காடியில் ஏலம் போகும் நல்ல கூட்டிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் இழை அறுபடாமல் வரும். முட்டை உற்பத்திக்காக அந்துப்பூச்சியை வெளியேறவிட்ட கூட்டில் துளை விழுந்து இழை அறுந்துவிடுவதால், நூல் எடுப்பவர்கள் அதற்கு அந்த விலை தரமாட்டார்கள். மாலைக்கோ துளை ஒரு குறையே இல்லை. அப்படிப்பட்ட கூடுகளைத்தான் மலிவாக வாங்கினோம். முதலில் ஆளுக்கொரு மாலை என்று திணறியவர்கள், சாயம் தோய்ப்பவர், வெட்டுபவர், கோப்பவர் எனத் தாங்களே பிரிந்துகொண்டார்கள். வேலைப் பகுப்பு முறைக்கு, ஒரே ஊசியைப் பலர் பிரித்துச் செய்வதாகப் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் காட்டிய குண்டூசித் தொழிற்சாலையைச் சொல்லி நான் மூச்சு வாங்கியதெல்லாம் வீண்தான்.

ஒரு மாலைக்குக் கூடு, நூல், சாயம் எல்லாம் சேர்த்து 35 ரூபாய் செலவு; விற்றது 100 ரூபாய்க்கு. 65 ரூபாய் இலாபம் என்று துள்ளினார்கள். ஒரு மாலைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்டேன். எல்லார் நேரத்தையும் கூட்டினால் இரண்டரை மணி நேரம். மணிக்கு 30 ரூபாய் கூலி போட்டுப் பார்த்தபோது, மாலைக்குப் 10 ரூபாய் நட்டம். வகுப்பே அடங்கிவிட்டது. அப்போது, வீட்டில் பட்டுப்புழு வளர்க்கும் ஒரு மாணவி எழுந்து, "நாங்கள் இராத்திரியிலும் எழுந்து தழை போடுகிறோமே, அதற்கும் கூலி எழுத வேண்டுமா சார்?" என்று கேட்டாள். வாய்ப்புச் செலவை, அதாவது ஒன்றைச் செய்வதற்காக நாம் கைவிடும் வேறொன்றின் மதிப்பை, அத்தனை ஆண்டுகள் நடத்தியும் அப்படியொரு கேள்வி எனக்கு வந்ததில்லை.

ஆகவே, முதல் நாளே கணக்கேட்டில் 'எங்கள் நேரம்' என்று ஒரு பத்தி போடச் சொல். நட்டம் வந்தால் நீ குறுக்கே விழுந்து தடுக்காதே. விலையை உயர்த்துவதா, நேரத்தைக் குறைப்பதா என்று அவர்களே சண்டை போடட்டும்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். உனக்கு அனுப்பப் புளி தட்டிக் கொட்டை எடுத்த நான்கு நாள் கூலியை முதலில் எழுதுங்கள் என்கிறாள்.

அன்புடன்,
அப்பா