யாழினியின் மேற்படிப்பு குறித்து

திருச்சி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. யாழினி அரியர் ஒன்றும் இல்லாமல் பிசியோதெரபி இளநிலைப் பட்டமான பி.பி.டி. முடித்து இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறாள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. அம்மாவின் முழங்கால் மாற்று அறுவை நல்லபடியாக முடிந்ததும் நல்ல சேதி. வலிக்கிறது என்று காலை நீட்டியே வைத்திருக்க விடாதே. முதல் ஆறு வாரத்துக்குள் முட்டி 90 டிகிரியாவது மடங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியிலிருந்து எழுவதும் மாடிப்படி இறங்குவதும் பின்னால் பெரும்பாடாகிவிடும்.

இங்கே முதுநிலை எம்.பி.டி.யா, லண்டனில் எம்.எஸ்சி.யா, அமெரிக்காவில் முனைவர் நிலை டி.பி.டி.யா என்று கேட்டிருக்கிறாய். படிப்பிலிருந்து ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும். எந்த நாட்டில் நோயாளியைத் தொட்டு வேலை செய்யப் போகிறாள் என்பதை முதலில் அவள் சொல்லட்டும். அந்த நாட்டில் உரிமம் கொடுப்பது யார், எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். படிப்பு அதற்கப்புறம். பட்டம் வேறு, உரிமம் வேறு. இது தெரியாமல் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் எத்தனையோ.

லண்டன் விஷயத்தில்தான் ரொம்பப் பேர் ஏமாறுகிறார்கள். பிரிட்டனில் ‘பிசியோதெரபிஸ்ட்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில் பதிவு அமைப்பின் பதிவேட்டில் இல்லாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அங்கே முதுநிலையில் இரண்டு வகை உண்டு. பதிவுக்கு முந்தைய எம்.எஸ்சி. என்பது இரண்டு வருடம். உயிரியல், விளையாட்டு அறிவியல் என்று வேறு பட்டம் வைத்திருப்பவர்களைப் பிசியோதெரபிஸ்ட் ஆக்குவதற்கான படிப்பு அது. ஏற்கெனவே பிசியோதெரபி படித்தவர்களைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. ஏஜென்ட் உனக்குக் காட்டியிருக்கும் ஒரு வருட ‘அட்வான்ஸ்டு பிசியோதெரபி’ எம்.எஸ்சி. வேறு வகை. பாடம் நல்ல பாடம்தான், ஆனால் அதை முடித்தால் பதிவு வந்துவிடாது. அவளுடைய பி.பி.டி.யை வைத்துத்தான் எச்.சி.பி.சி.க்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதைக் கோவில்பட்டியில் இருந்தபடியே செய்யலாம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் மொத்தம் 7, எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது. படித்த பாடத்தையும் செய்த வேலையையும் தங்கள் தகுதி வரையறைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். குறை தெரிந்தால் ஒரு தேர்வு எழுதச் சொல்வார்கள், அல்லது மேற்பார்வையில் சில காலம் வேலை செய்யச் சொல்வார்கள். அந்த இடத்தை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும், அது லேசில் கிடைக்காது. அதனால் பதிவு கைக்கு வந்த பிறகு எம்.எஸ்சி.யைப் பற்றி யோசிக்கலாம். படிப்பு முடிந்து அங்கே தங்கி வேலை தேடக் கொடுக்கும் விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு இரண்டு வருடத்திலிருந்து 18 மாதமாகச் சுருங்குகிறது. ஏஜென்ட் இதைச் சொன்னாரா என்று கேட்டுப் பார்.

அமெரிக்கக் கதை நீளமானது. 2016-லிருந்து அங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் இந்தத் தொழிலுக்குள் நுழையும் பட்டம் டி.பி.டி. மட்டும்தான். ஏதோ ஒரு பட்டப்படிப்புக்கு மேல் சுமார் மூன்று வருடம். யாழினி இதை முதலிலிருந்து படிக்கலாம். ஆனால் உடற்கூறு, உடலியங்கியல் தவிர வேதியியல், இயற்பியலை ஆய்வகத்தோடும், புள்ளியியல், உளவியலையும் கல்லூரி அளவில் படித்த கணக்கு கேட்பார்கள். பி.பி.டி.யில் வேதியியலும் இயற்பியலும் அவர்கள் கேட்கிற அளவுக்கு இருக்காது. பல தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம் மட்டுமே மொத்தம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் கடன் என்றால் நம் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். படித்து முடித்தால் மாணவர் விசாவில் வேலை செய்ய 12 மாதம்தான். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் இரண்டு வருட நீட்டிப்பு இந்தப் படிப்புக்கு இல்லை.

இன்னொரு வழி, கையிலிருக்கும் பி.பி.டி.யை அமெரிக்கப் படிப்புக்கு இணையானதா என்று மதிப்பிடக் கொடுப்பது. எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்புகள் இதைச் செய்கின்றன. பாடம் பாடமாக, மணிக்கணக்கு பார்த்து கிரெடிட்டாக மாற்றுவார்கள். நம் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் குறைவது இரண்டு இடத்தில். ஒன்று, மானுடவியல், சமூகவியல் மாதிரிப் பொதுக் கல்விப் பாடங்கள். மற்றொன்று, மருத்துவரின் சீட்டு இல்லாமல் நேரே வரும் நோயாளியைப் பரிசோதித்து இது நம் கையில் உள்ள பிரச்சினையா, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதா என்று பிரித்தறியும் பாடம். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படிப்பது, மருந்தியல், புண் பராமரிப்பு ஆகியவற்றிலும் மணி நேரம் போதாது என்று வரலாம். குறைந்த பாடங்களை மட்டும் தனியாகப் படித்து ஈடுகட்டலாம்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்க உரிமத்துக்கான என்.பி.டி.இ. தேர்வு. 225 கேள்விகள், 45 வீதம் ஐந்து பகுதி. மதிப்பெண் தருவது 180-க்கு மட்டும். மீதி 45 சோதனைக் கேள்விகள், எது எது என்று நமக்குத் தெரியாது. 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுத்தால் தேர்ச்சி. 12 மாதத்தில் மூன்று தடவை, வாழ்நாளில் ஆறு தடவைதான் எழுத விடுவார்கள். சும்மா ஒரு தடவை எழுதிப் பார்ப்போமே என்று போவது அங்கே நடக்காது. தேர்வு மையம் அமெரிக்க மண்ணில்தான். உரிமம் கொடுப்பது மாநிலம், அதனால் மாநிலத்துக்கு மாநிலம் கேட்கும் காகிதம் மாறும். சில மாநிலங்கள் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல் விண்ணப்பத்தையே எடுக்காது. நல்ல சேதி, குடியேற்றச் சட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் செவிலியரும் ‘ஆள் பற்றாக்குறைத் தொழில்’ பட்டியலில் இருப்பதால், உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையிடம் தனியாகச் சான்றிதழ் வாங்க வேண்டியதில்லை. ஆனாலும் இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை வருடக்கணக்கில் நீள்கிறது.

யாழினி எந்த முடிவுக்கு வந்தாலும் இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் ஒரு வேலையைச் செய்துவிடச் சொல். காகிதங்களைச் சேர்க்க வேண்டும். நான்கு வருட மார்க்‌ஷீட், டிரான்ஸ்கிரிப்ட், அவள் சேர்ந்த வருடத்துப் பாடத்திட்டத்தின் சான்றளித்த நகல், ஒவ்வொரு பாடத்துக்கும் தியரி எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி என்ற முதல்வர் கடிதம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் இருந்தாள் என்ற கிளினிக்கல் கணக்கு. பாடத்திட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. 2021-இல் வந்த தேசிய துணைநல, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குப் பிறகு எல்லாம் புதிதாக எழுதப்படுகிறது. ஐந்து வருடம் கழித்துப் போய்க் கேட்டால் புதுப் பாடத்திட்டத்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அவள் படிக்காத பாடம் அதில் இருக்கும், படித்த பாடம் இருக்காது. மதிப்பீடு திரும்பி வரும்.

பெயரையும் இப்போதே சரிபார். பள்ளிச் சான்றிதழில் ‘எம். யாழினி’, பாஸ்போர்ட்டில் ‘யாழினி முருகேசன்’, பட்டத்தில் ‘யாழினி எம்’ என்றிருந்தால் வெளிநாட்டுக்காரனுக்கு அது மூன்று பெண்கள். இனிஷியல் என்ற வழக்கமே அவனுக்குப் புரியாது. தேர்வு மையத்தில் அடையாள அட்டையும் பதிவுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள், கட்டிய பணமும் போகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் கொடுக்கட்டும். மாறியிருக்கும் சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு பிரமாணப் பத்திரம் தயாராக இருக்கட்டும்.

அவள் இங்கேயே இருக்க நினைத்தால், அல்லது பாடம் சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால், எம்.பி.டி. நல்ல முடிவு. இரண்டு வருடம். எலும்பு-தசை, நரம்பியல், இதய-நுரையீரல், விளையாட்டு, குழந்தைகள் என்று பிரிவுகள். பிரிவைப் பார்ப்பதற்கு முன் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனையைப் பார். நரம்பியல் எடுத்தால் பக்கவாத நோயாளி படுக்கையில் விழுந்த இரண்டாம் நாளே கையில் கிடைக்க வேண்டும். இதய-நுரையீரல் என்றால் வென்டிலேட்டர் ஓடும் ஐ.சி.யு.வுக்குள் மாணவரை விட வேண்டும். அறிமுகக் கையேட்டில் இதெல்லாம் எழுதியிருக்கும். இரண்டாம் வருட மாணவி ஒருத்தியிடம், ‘போன வாரம் நீயே எத்தனை நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்தாய்’ என்று கேட்டால் நிஜம் தெரிந்துவிடும். ஒரு கைடுக்கு எத்தனை மாணவர்கள், உதவித்தொகை உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவை.

எம்.பி.டி.யில் பிள்ளைகள் தடுக்கி விழுவது தீசிஸில். கையோடு கிடைக்கும் 30 பேரை 15, 15 ஆகப் பிரித்து, கடைசியில் வித்தியாசம் இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இருந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஆள் போதவில்லை என்பதுதான் உண்மை. இரண்டு குழுக்களுக்கு இடையே நடுத்தர அளவு வித்தியாசத்தை நூறில் எண்பது தடவையாவது தவறவிடாமல் பிடிக்க, குழுவுக்கு 64 பேர் வேண்டும். பெரிய வித்தியாசம் என்றால் 26 போதும். சேர்ப்பவர்களில் 15 சதவீதம் பேர் நடுவில் நின்றுபோவார்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் 76, 31 என்று வரும்.

அளவெடுப்பதிலும் இதே கதை. மூட்டின் கோணம் அளக்கும் கோனியோமீட்டரை உன் அம்மாவின் முட்டிக்கே வைப்பதாக நினைத்துக்கொள். அதன் அச்சு, தொடை எலும்பு முட்டியில் முடியும் இடத்தில் வெளிப்பக்கம் துருத்துமே, அந்த மேட்டில். கருவியின் ஒரு கை இடுப்பின் பக்கவாட்டு எலும்பை நோக்கி, மறு கை வெளிக் கணுக்காலை நோக்கி. அச்சு கொஞ்சம் நகர்ந்தாலும், வேறு ஆள் அளந்தாலும் ஐந்து டிகிரி மாறும். அப்படியிருக்க, சிகிச்சையால் நான்கு டிகிரி கூடியது என்று தீசிஸ் எழுதினால் தேர்வாளர் கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. ஒரே ஆள், மூன்று தடவை அளந்து சராசரி, அளப்பவருக்கு நோயாளி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. நெறிமுறைக் குழு அனுமதியும், சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியிட்டுப் பதிவதை அவர்கள் ஏற்பதில்லை.

உன் தங்கை மகன் பேச்சு, செவித்திறன் படிப்பு முடிக்கப் போகிறான் என்று எழுதியிருந்தாய். அவன் வழி தனி. இந்தியாவில் அவர்களுக்கு ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அமெரிக்காவில் பேச்சுப் பயிற்சிக்கு முதுநிலையும் 400 மணி நேரக் கிளினிக்கல் பயிற்சியும், செவித்திறனுக்கு ஏயு.டி. (Au.D.) என்ற முனைவர் நிலைப் படிப்பும் கேட்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து விண்ணப்பித்துவிட வேண்டாம்.

யாழினியின் மார்க்‌ஷீட், பாஸ்போர்ட் முதல் பக்கம் இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பெயரையும் மணிக்கணக்கையும் பார்த்துவிட்டு, எந்தெந்தக் கடிதம் கல்லூரியில் கேட்க வேண்டும் என்று அவளிடமே பேசுகிறேன். ஏஜென்டுக்கு முன்பணம் மட்டும் அதுவரை கொடுத்துவிடாதே. அம்மாவுக்கு என் வணக்கம்.

உன்
இராகவன்