நின்றுபோன பேக்கப் குறித்து

நாகர்கோவில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம், பேக்கப் முடியாமல் நின்றுபோகிறது என்று நீ எழுதியிருந்த அதே தொல்லையில் நானும் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருந்ததுதான். மார்த்தாண்டம் கிளையின் ஃபைல் சர்வருக்கான இரவு பேக்கப், திங்கள் முதல் சனி வரை பாதியில் நின்றுவிடும். திரையிலோ 'நடந்துகொண்டிருக்கிறது' என்றே காட்டும். ஆனிச் சாரலில் லைன்தான் தகராறு செய்கிறது என்று முதலில் நினைத்தோம். மழை விட்ட பிறகும் நிலைமை மாறவில்லை.

பேக்கப் மென்பொருளைப் பராமரிப்பவர், பேக்கப் சர்வர் மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை 300 நொடியிலிருந்து 1800 ஆகவும், பிறகு 7200 ஆகவும் கூட்டச் சொன்னார். அவர் சொன்னதில் பாதி சரிதான். ஐந்து நிமிடம் எங்கள் சர்வருக்குப் போதாது. ஆனால் கூட்டிய பிறகும் வேலை முடியவில்லை என்பதோடு, உயிரற்ற அந்த வேலை இரண்டு மணி நேரம் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், தக்கலை, குளச்சல் கிளைகளின் வேலைகளும் அதன் பின்னால் வரிசையில் கிடந்தன.

எனக்கு வழிகாட்டியது ஞாயிற்றுக்கிழமைதான். அன்று எடுக்கும் முழு பேக்கப் பல மடங்கு பெரியது. அது ஒருநாளும் நின்றதில்லை. முழு பேக்கப்பில் தரவு இடைவிடாமல் ஓடுகிறது. தினசரி வேலையோ, ஸ்கேன் செய்து வைத்த லட்சக்கணக்கான சிறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மாறிய சிலவற்றை மட்டும் தேடுகிறது. எங்களிடம் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிறது, அவ்வளவு நேரமும் இணைப்பில் ஒரு பைட் கூட நகர்வதில்லை. நடுவில் நெட்வொர்க்கைக் காவல் காக்கும் ஃபயர்வால் 3600 நொடி சும்மா கிடக்கும் இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடுகிறது. திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையை இரு முனைகளிலும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் இணைப்பு உயிரோடு இருப்பதாகச் சொல்லின, ஃபயர்வாலில் மட்டும் அதன் சுவடே இல்லை. சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபி கீப்அலைவ், லினக்ஸில் தொடங்குவதே, மாற்றாமல் விட்டால், 7200 நொடிக்குப் பிறகுதான். இழவு முடிந்த பிறகு நலம் விசாரிக்க வருகிறவரைப் போல.

கீப்அலைவின் அந்த 7200-ஐ 900 ஆக்கினேன், பேக்கப் சர்வரின் காத்திருப்பு நேரத்தைத் தொடவில்லை. அன்றிரவே வேலை முடிந்தது. பிறகு பேக்கப் நிரலைக் கோப்புதோறும் ஆன்டிவைரஸ் வழிமறிப்பதை நிறுத்தியதில் தேடும் நேரமும் குறைந்தது. அடுத்து, ஆண்டுவாரியாக ஃபோல்டர்களைப் பிரித்துத் தனித்தனி வேலைகளாக ஓட்டிப் பார்க்க எண்ணம்.

உன் விண்டோஸ் சர்வரின் கதை வேறாக இருக்கலாம். அங்கே வேலை தொடக்கத்திலேயே விழுகிறது என்றால், நெட்வொர்க்கை விட்டுவிட்டு விண்டோஸின் நிழல் நகல் வசதியான விஎஸ்எஸ்-இல், நகலுக்குப் பயன்பாடுகளைத் தயார்படுத்தும் 'ரைட்டர்'களின் நிலையைப் பார். நிழல் நகல் (டிஸ்க் அந்தக் கணத்தில் இருந்தபடியே எடுக்கும் பிரதி) எடுக்கும்போது பயன்பாடுகள் எழுத்தை நிறுத்தி வைக்க 60 நொடிதான் அவகாசம். டிஸ்க் திணறும் நேரத்தில் அது தாண்டிவிடும். அதே நேரத்தில் வேறொரு பெரிய வேலை ஓடுகிறதா என்றும் பார்.

கடைசி பைட் எப்போது வந்தது, வேலை எப்போது விழுந்தது என்ற இரண்டு நேரங்களையும் உன் லாகிலிருந்து எடுத்து எழுதி அனுப்பு; நாலைந்து இரவுக்குரியவை இருந்தால் நல்லது.

அன்புடன்,
உன் நண்பன்